ஈரத்தை வாங்கி உலர்ந்ததை விற்பது: மதுரைச் சமவெளியில் மரவள்ளித் தொழில்

நூறு கிலோ மரவள்ளிக் கிழங்கை வாங்கி வண்டியில் ஏற்றும் மகளிர் குழு, அதில் 60 கிலோவுக்கு மேல் தண்ணீரைத்தான் ஏற்றிக்கொண்டு வருகிறது. தோலையும் முனைகளையும் வெட்டித் தள்ளினால் 20, 25 கிலோ போய்விடும். மீதியைச் சீவி வெயிலில் காயவைத்து எடை போட்டால் 28 முதல் 32 கிலோ வரை தராசில் நிற்கும். அந்தக் கடைசி எண்தான் தொழில். கிழங்கு கிலோ 15 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். காய்ந்த சரக்கில் ஒரு கிலோவுக்குக் கிழங்குச் செலவு மட்டுமே 50 ரூபாய் ஆகிவிடுகிறது. உப்பு, மிளகாய், விறகு, பை, வண்டி வாடகை, எல்லாவற்றுக்கும் மேலாகப் பத்துப் பேரின் பகல் பொழுது, இத்தனையும் அந்த 50 ரூபாயின் தலையில் ஏறுகின்றன. இதை மறந்துவிட்டு, 15 ரூபாய்க் கிழங்கு வத்தலாகிக் கிலோ நூறுக்கு மேல் போகிறதே என்று ஆசைப்பட்டால், லாபம் என்று நினைத்ததில் பெரும்பகுதி ஏற்கெனவே ஆவியாகி மொட்டை மாடியை விட்டுப் போயிருக்கும். எந்தப் பொருளைச் செய்வது, கிழங்கை எங்கே வாங்குவது, எந்திரம் யார் பெயரில் இருப்பது என்று இந்த அத்தியாயத்தில் வரும் எல்லாக் கேள்விகளுக்கும் விடை இந்த ஈரக் கணக்கிலிருந்தே கிடைக்கிறது.

மரவள்ளி என்றதும் தமிழ்நாட்டில் எல்லோர் கண்ணும் சேலத்துப் பக்கம் திரும்பும். அதில் நியாயமும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் நின்றுபோனபோது, 1943 வாக்கில் சேலத்தில் குடிசைத் தொழிலாகச் சேகோ உற்பத்தி தொடங்கியது. இன்று சேலம், நாமக்கல் மாவட்டங்களிலும் அக்கம்பக்கத்திலும் ஆலைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதைப் பார்த்துவிட்டு உசிலம்பட்டியிலோ மேலூரிலோ ஒரு குழு, நாமும் சின்னதாக ஒரு சேகோ யூனிட் போட்டால் என்ன என்று கேட்பது இயல்பு. போடக்கூடாது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். மதுரைச் சமவெளியில் பெண்கள் மரவள்ளியால் பிழைக்க வேண்டுமென்றால், மாவைப் பிரித்தெடுக்காமல் முழுக்கிழங்கையும் தின்பண்டமாக்கி, காய்ந்த சரக்காகப் பக்கத்துச் சந்தையில் விற்க வேண்டும். எந்திரமும் கணக்குப் புத்தகமும் குழுவின் கையில் இருக்க வேண்டும்.

சேகோவை ஏன் விலக்க வேண்டும் என்பதற்கு முதல் காரணம் அந்த ஈரக் கணக்கேதான். நூறு கிலோ கிழங்கிலிருந்து நல்ல ஆலை எடுக்கும் ஸ்டார்ச் 20 முதல் 25 கிலோ. கையால் துருவித் துணியில் வடித்தால் அதுவும் வராது. அரைபடாத செல்களுக்குள்ளேயே மாவு தங்கிவிடும். மிச்சமாகும் சக்கைக்குச் சேலத்தில் திப்பி என்று பெயர். அதன் உலர் எடையில் பாதிக்கு மேல் ஸ்டார்ச்தான். நாம் காசு கொடுத்து வாங்கிய மாவு, மாட்டுத் தீவன விலைக்குப் போகிறது என்று பொருள். இரண்டாவது காரணம் தண்ணீர். கழுவ, துருவ, அலச, தொட்டியில் தெளியவைத்து மறுபடி அலச என்று ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வெளியேறும் கழிவுநீர் புளித்து நாறும். சேகோ ஆலைகள் உள்ள ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் கெட்டது குறித்த புகார்கள் பல ஆண்டு காலப் பழசு. பெரிய ஆலைகள் இப்போது அந்தக் கழிவுநீரிலிருந்து சாண எரிவாயு போலவே எரிவாயு எடுத்துச் சமாளிக்கின்றன. சித்திரையில் குடத்துக்குக் காசு கொடுத்து லாரித் தண்ணீர் பிடிக்கும் ஊரில் பத்துப் பெண்கள் அதைச் சமாளிப்பது நடக்காது. மூன்றாவது, சந்தை. ஜவ்வரிசிக்குப் பெரிய வாடிக்கை மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம். அங்கே விரத நாட்களின் உணவு அது. பார்வைக்கு எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு விலை என்கிற போட்டியும், மக்காச்சோள ஸ்டார்ச் கலப்படம் பற்றிய சண்டையும் அந்தத் தொழிலின் உள்விவகாரங்கள். சின்னக் குழு அதற்குள் நுழைந்தால் பெரிய ஆலையின் விலைக்கே விற்க வேண்டிவரும், ஆனால் அதன் செலவுக்கு உற்பத்தி செய்ய முடியாது.

வத்தல், அப்பளம், துருவி உலர்த்திய மாவு ஆகிய மூன்றும் இதற்கு நேர்மாறு. கிழங்கின் மாவு, நார் எல்லாமே சரக்கில் சேர்கின்றன. நூறுக்கு 20 என்பது 30 ஆகிறது. பிரித்தெடுக்கும் நுட்பம் எதுவும் தேவையில்லை. மதுரை வெயில் இலவசம். சிப்ஸ் போடலாமே என்று கேட்பார்கள். போடலாம், ஆனால் யோசித்துப் போட வேண்டும். சிப்ஸில் கிழங்கைவிட எண்ணெய்தான் செலவு. அது ஏறும்போதெல்லாம் லாபம் இறங்கும். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சவும் முடியாது. எண்ணெய் கெட்டதைக் காட்டும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் உணவுப் பாதுகாப்பு விதி. பொரித்த சரக்கு சில வாரங்களில் சிக்கு வாடை அடிக்கும். வத்தல் விற்பவருக்கு இந்தத் தொல்லையே இல்லை, எண்ணெய்ச் செலவை வாங்குபவர் அடுப்பிலேயே விட்டுவிடுகிறார். திருவிழாக் கூட்டத்துக்கும் டீக்கடைக்கும் நாலு நாளில் தீர்கிற அளவுக்குச் சிப்ஸ், ஆண்டு முழுக்க வத்தல் என்று பிரித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

வேலையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். நல்ல கிழங்கை இரண்டாக ஒடித்தால் மடக்கென்று ஒடியும், உள்ளே ஒரே வெள்ளை. வளைந்து கொடுத்து ஒடிந்தால் பழசு. ஓரத்தில் நீலமும் கறுப்புமாகக் கோடு ஓடியிருந்தால் அது வத்தலுக்கு ஆகாது, கறுத்துப்போகும். தோல் இரண்டு அடுக்கு. மேலே காகிதம் போன்ற பழுப்புத் தோல், அதற்குக் கீழே வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ தடித்த பட்டை. கத்தியால் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு, பட்டைக்கு அடியில் கட்டைவிரலைக் கொடுத்து நெம்பினால் சட்டையைக் கழற்றுவதுபோல் இரண்டும் சேர்ந்து வரும். தோசைக் கரண்டியால் சுரண்டுகிறவர்கள் மேல்தோலை மட்டும் எடுத்துவிட்டுப் பட்டையை விட்டுவிடுவார்கள். அந்தப் பட்டை கசக்கும், நச்சும் அங்கேதான் கூடுதல். சீவல் 3 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கொதிக்கும் உப்புத் தண்ணீரில் போட்டு, ஓரம் கண்ணாடிபோல் மாறத் தொடங்கும்போது அள்ளி வடித்து, வேட்டித் துணியில் ஒன்றின் மேல் ஒன்று படாமல் பரப்ப வேண்டும். அந்தக் கனத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 3 கிலோதான் பிடிக்கும். பத்தடிக்குப் பத்தடி மொட்டை மாடியில் 28 கிலோ. நூறு கிலோ கிழங்கை ஒரே நாளில் சீவினால் அப்படி மூன்று மாடி வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் கிழங்கை இறக்கிவிட்டு, இடமில்லாமல் இரண்டு அடுக்காகப் பரப்பினால் மறுநாள் காலையில் துணியில் பிசுபிசுப்பும் புளிப்பு வாடையும்தான் மிஞ்சும்.

அப்பளத்துக்குக் கிழங்கை மலர வேகவைத்து, நடுவில் ஓடும் நாரை உருவி எறிந்து, சூடு ஆறும் முன்பே அரைத்துவிட வேண்டும். ஆறினால் இறுகி, ரப்பர்போல இழுத்து, கிரைண்டர் கல் நின்றுபோகும். சீரகம், மிளகாய், உப்பு, விரும்பினால் பெருங்காயம். எண்ணெய் தடவிய இரண்டு தாள்களுக்கு நடுவே உருண்டையை வைத்துத் தட்டால் அழுத்தினால் ஒரே அளவில் வரும். மாவுக்கு வேறு வழி: துருவி, சாக்குப் பையில் கட்டி, மேலே கல் ஏற்றித் தண்ணீரைப் பிழிந்து, கட்டியை உதிர்த்து உலர்த்தி மில்லில் கொடுப்பது. இந்த மாவு முறுக்கு, தட்டை, அடை போடுகிறவர்களுக்கு அரிசி மாவோடு கலக்கப் பயன்படும்.

இனி எதிர்வாதங்கள். எல்லாவற்றிலும் கனமானது நச்சு பற்றியது, அதை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. மரவள்ளியில் லினமரின் என்ற பொருள் இருக்கிறது. செல் உடையும்போது கிழங்கிலேயே உள்ள ஒரு நொதி அதைச் சந்தித்து ஹைட்ரஜன் சயனைடை வெளியேற்றுகிறது. பச்சைக் கிழங்கில் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழ் இருப்பவை இனிப்பு ரகங்கள், 100க்கு மேல் போனால் ஆபத்து என்பது நெடுநாள் வழக்கிலுள்ள அளவுகோல். உண்ணும் மரவள்ளி மாவுக்குக் கோடெக்ஸ் சர்வதேசத் தரம் வைத்திருக்கும் உச்சவரம்பு கிலோவுக்கு 10 மில்லிகிராம். 1981இல் மொசாம்பிக்கில் கடும் வறட்சியின்போது, கசப்புக் கிழங்கைச் சரியாகப் பதப்படுத்த அவகாசமின்றிச் சாப்பிட்டவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கால் முடங்கியது. பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்த நோய்க்குக் கோன்சோ என்று பெயர். அதே மரவள்ளியைக் கேரளமும் கன்னியாகுமரியும் ஒன்றரை நூற்றாண்டாக அன்றாடம் சாப்பிடுகின்றன. வித்தியாசம் ரகத்திலும் பக்குவத்திலும் உடன் சாப்பிடும் மீன், பருப்பிலும் இருக்கிறது. நச்சை வெளியேற்றும் வழியும் எளிது. செல் எவ்வளவு உடைகிறதோ அவ்வளவு நச்சு வெளியேறும். ஆகவே துருவல் சீவலைவிடப் பாதுகாப்பானது, சீவல் துண்டத்தைவிடப் பாதுகாப்பானது. ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரியிலேயே ஆவியாகக் கூடியது. மதுரையில் அந்த வெப்பத்துக்கு அடுப்பே வேண்டாம், காற்றோட்டம்தான் வேண்டும். துருவும் கொட்டகை நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும். வேகவைத்த தண்ணீரை ஒருபோதும் குழம்புக்கோ மாட்டுக்கோ பயன்படுத்தக் கூடாது.

குழுவுக்கு மூன்று கட்டுப்பாடுகளை நாமே விதித்துக்கொள்ளலாம். உண்ணும் ரகங்களை மட்டும் வாங்குவது. ஆலைக்கென்று நட்ட கசப்புக் கிழங்கு மலிவாகக் கிடைத்தாலும் தொடாமல் இருப்பது. மழை பொய்த்த தோட்டத்துக் கிழங்கில் நச்சு ஏறியிருக்கும் என்பதால் ஒரு துண்டை வேகவைத்துச் சுவைத்துப் பார்த்துவிட்டே சரக்கை இறக்குவது. நாக்கு கருவியாகாது என்பதும் உண்மைதான். அதனால் முதல் தவணைச் சரக்கை ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துவிடுவது நல்லது. மதுரை வேளாண் கல்லூரி வளாகத்தில் சமுதாய அறிவியல் கல்லூரியும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. 1963 முதல் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் இயங்கும் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் பதப்படுத்தும் பயிற்சியும் தருகிறது. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். உரித்த பச்சைத் தோலையும் இலையையும் ஆட்டுக்குப் போட்டுவிடுவது பழக்கம்; வயிறு உப்பி ஆடு செத்தபிறகுதான் காரணம் தெரியும். தோலை இரண்டு மூன்று நாள் நன்றாகக் காயவைத்த பிறகே தீவனமாகக் கொடுக்க வேண்டும், அதுவும் கொஞ்சமாக. ஒரு வெள்ளாட்டின் விலை குழுவின் ஒரு மாத லாபத்தை விழுங்கிவிடும்.

அடுத்த எதிர்வாதம், மதுரைப் பக்கம் கிழங்கே அதிகம் விளையவில்லையே என்பது. உண்மை. பெரியாறு, வைகைக் கால்வாய்ப் பாசனம் நெல்லுக்கானது. தண்ணீர் தேங்கும் வயலில் மரவள்ளி அழுகும். திருமங்கலம், தே.கல்லுப்பட்டிக் கரிசல் இறுகினால் கிழங்கைப் பிடுங்க முடியாது. வடிகால் உள்ள செம்மண்தான் இதற்கு இடம்; மேலூர், உசிலம்பட்டிப் பக்கமும் நத்தம் பக்கமும் அப்படி நிலம் உண்டு. சேலத்திலிருந்து வரவழைத்தால் 200 கிலோமீட்டருக்கு மேல் தண்ணீருக்கு லாரி வாடகை கொடுக்க வேண்டும், பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் கிழங்கு கோடு விழுந்துவிடும் என்பதால் ஒரு நாள் வழியிலேயே போய்விடும். ஆகவே குழு செய்ய வேண்டியது, சுற்றுவட்டாரத்தில் கிணற்றுப் பாசனம் உள்ள நாலைந்து விவசாயிகளிடம் முன்கூட்டியே பேசி, ஆளுக்குக் கால் ஏக்கர், அரை ஏக்கர் போடச் சொல்வது. தமிழ்நாட்டில் பாசன மரவள்ளி ஹெக்டேருக்கு 30 டன்னுக்கு மேல் கொடுக்கிறது. உலகச் சராசரி 10 டன் அளவுதான். அந்தக் கணக்கில் அரை ஏக்கரில் 6 டன். வாரம் 300 கிலோ பதப்படுத்தும் குழுவுக்கு அது இருபது வாரத் தீனி. பிடுங்காத கிழங்குக்கு மண்ணைவிட நல்ல கிடங்கு இல்லை. மொத்தமாகப் பிடுங்காமல் எட்டாம் மாதத்திலிருந்து பத்தாம் மாதம்வரை பாத்தி பாத்தியாகத் தோண்டிக்கொள்ளலாம். அதனால் அவர்கள் நடவைச் சில வாரம் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டால் வரத்து தொடரும். ஆரோக்கியமான செடியில் எடுத்த விதைக்குச்சிதான் முக்கியம், தேமல் நோய் குச்சி வழியாகவே ஊருக்குள் வருகிறது. 2020இல் இந்தியாவுக்குள் வந்த மரவள்ளி மாவுப்பூச்சி நாமக்கல், சேலம் தோட்டங்களைச் சூறையாடியதும், அதை அடக்க ஆப்பிரிக்காவிலிருந்து தருவித்த ஒட்டுண்ணிக் குளவியை 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டதும் நினைவிருக்கட்டும். வெளியூர்க் குச்சியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது.

விவசாயியிடம் விலை பேசும்போது சேலத்திலிருந்து ஒன்றை மட்டும் கடன் வாங்கலாம். அங்கே ஆலைகள் கிழங்குக்குப் பாயிண்ட் பார்த்துத்தான் விலை சொல்கின்றன. மாவுச்சத்துக்கு அங்கே அப்படி ஒரு பெயர். பார்ப்பதும் பெரிய வித்தை இல்லை. 5 கிலோ கிழங்கைத் தொங்கு தராசில் நிறுத்துவிட்டு, அதையே தண்ணீர்த் தொட்டிக்குள் முழுக அமிழ்த்தி மறுபடி நிறுக்க வேண்டும். தண்ணீருக்குள் ஒரு தோட்டத்துக் கிழங்கு 500 கிராம் காட்டி, இன்னொன்று 350 கிராம் காட்டினால் முதலாவதில் மாவு அதிகம், இரண்டாவதில் ஈரம் அதிகம். மழை முடிந்த கையோடு பிடுங்கிய கிழங்கு இப்படித்தான் இளைத்திருக்கும். இரண்டுக்கும் ஒரே விலை கொடுக்கும் குழு, முன்னதை விளைவித்தவருக்கு அநியாயமும் தனக்கு நஷ்டமும் செய்கிறது. தராசையும் தொட்டியையும் விவசாயி கண்ணெதிரே வைத்து நிறுத்தால் பேரம் பாதியாகக் குறையும்.

இவ்வளவும் சரியாக நடந்தாலும் பணம் பெண்கள் கைக்கு வருமா என்பது வேறு கேள்வி. அதற்குச் சாட்சி மதுரையிலேயே இருக்கிறது. அப்பளத்துக்குப் பெயர் போன ஊர் இது. தேய்ப்பதும் காயவைப்பதும் அடுக்கிக் கட்டுவதும் பெண்கள் கை. அவர்களில் பெரும்பாலோருக்கு எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று கூலி, அவ்வளவே; உளுந்து விலை இறங்கினாலும் அப்பளம் விலை ஏறினாலும் அந்தக் கூலி அசையாது. 1959 மார்ச்சில் பம்பாய் கிர்காவில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கித் தொடங்கிய லிஜ்ஜத் அப்பள அமைப்பிலும் வேலை அதேதான்: காலையில் மாவை வாங்கிப் போய் வீட்டில் தேய்த்து மறுநாள் கொண்டுவந்து கொடுப்பது. ஆனால் அங்கே தேய்ப்பவரே பங்குதாரர், லாபம் பிரியும்போது அவருக்கும் வரும். ஒரே குழவி, ஒரே மாவு, ஒரே முதுகுவலி. உடைமை மட்டும் வேறு. பதப்படுத்தல் தானாகவே பெண்களை உயர்த்திவிடும் என்று திட்ட அறிக்கைகள் எழுதுவதை இதனால்தான் அப்படியே நம்ப முடியாது. அழகர்கோவில் பக்கத்துக் கிராமத்தில் கூலிப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு கூலி பேசிய சின்னப்பிள்ளையை நாடு அறிந்தது, மதுரை மாவட்டத்தில் 1990 வாக்கில் முளைத்த களஞ்சியம் என்ற சேமிப்புக் குழுக்களின் தலைவியாக அவர் வளர்ந்த பிறகு. 2019இல் பத்மஸ்ரீ வந்தது. கூலிப் பேரத்திலிருந்து சேமிப்புக்கு அந்தப் பெண்கள் ஏற்கெனவே வந்துவிட்டார்கள். சேமிப்பிலிருந்து சரக்கின் உடைமைக்கு வருவது அடுத்த படி.

அந்தப் படியில் வழுக்குகிற இடம் எந்திரம். நைஜீரியா, கானா கிராமங்களில் மரவள்ளியைத் துருவி, புளிக்கவைத்து, வறுத்துக் காரி என்ற உணவாக்குவது பெண்களின் தொழில். கையால் துருவி விரல் தேய்ந்த இடத்துக்கு எந்திரத் துருவி வந்ததும் உழைப்பு வெகுவாகக் குறைந்தது, உற்பத்தி பெருகியது. எந்திரத்தின் உடைமையாளர்கள் மட்டும் பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் வாடகை கொடுத்துத் துருவிக்கொள்கிறார்கள். எந்திரம் வந்தால் வேலை போகும் என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். வேலை போவதில்லை, வேலையின் வருமானம் இடம் மாறுகிறது. எந்திரமே வேண்டாம் என்பதும் தவறு. 3 மில்லிமீட்டர் சீவலைக் கையால் ஒரே அளவில் நூறு கிலோவுக்கு எவரும் போட முடியாது, அளவு மாறினால் பாதி கருகிப் பாதி வேகாது. முதலில் வாங்க வேண்டியது சீவும், துருவும் எந்திரம். தோலுரிக்கும் எந்திரத்தை விட்டுவிடலாம், கோணல்மாணலான கிழங்கில் அது சதையையும் சேர்த்து எடுத்துவிடும். பில் குழுவின் பெயரில் இருக்க வேண்டும், ஊக்குநரின் கணவர் பெயரில் அல்ல. ஓட்டவும் பிளேடு மாற்றவும் குறைந்தது மூன்று பெண்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் பிளேடு மாற்றத் தெரிந்த ஒருவர்தான் முதலாளி ஆவார்.

பணம் திரட்டுவது பற்றிச் சுருக்கமாக. 2020இல் மத்திய அரசு தொடங்கிய குறு உணவு நிறுவனங்கள் திட்டத்தில் தகுதியுள்ள திட்டச் செலவில் 35 சதவீதம், 10 லட்சம் வரை மானியமும், குழு உறுப்பினர் ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க முதலும் வைத்திருந்தார்கள். விண்ணப்பிக்கும் ஆண்டில் விதி என்ன என்று மகளிர் திட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மானியம் கையில் கொடுக்கப்படாது, வங்கிக் கடனோடு கட்டப்பட்டிருக்கும். மானியத்துக்காகப் பெரிய எந்திரம் வாங்கினால் வட்டிதான் பெரிதாகும். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் இல்லாமல் ஒரு பொட்டலமும் வெளியே போகக் கூடாது.

இது வெறும் மாவுச்சத்து, சர்க்கரை நோய் பெருகும் காலத்தில் இதைப் பரப்பலாமா என்று கேட்கிறவர்களுக்கு நேர்மையான பதில் ஒன்றுதான். மரவள்ளி மாவில் புரதம் 100 கிராமுக்கு 2 கிராம் அளவு, அரிசியில் 7 கிராமுக்குப் பக்கம். இதைச் சத்துணவு என்று அட்டையில் அச்சடிப்பது பொய். குழந்தைக்குக் கஞ்சி என்று விற்கக் கூடாது. சாம்பார் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளும் வத்தல் யாருக்கும் பிரதான உணவு ஆவதில்லை; தொட்டுக்கொள்ளும் பண்டமாகவே விற்கலாம். மாவில் உளுந்தோ பொட்டுக்கடலையோ கலந்து முறுக்கு மாவாகக் கொடுத்தால் ருசியும் கூடும், புரதமும் கூடும்.

விற்பனையில் குழுக்களை வீழ்த்துவது அவசரம். மார்கழி, தையில் கிழங்கு வரும், மாசி முதல் வெயில் ஏறும், சித்திரைக்குள் சரக்கு குவியும். அப்போது எல்லா வீட்டிலும் கூழ்வத்தல் காய்கிறது. வியாபாரி அடிமாட்டு விலை கேட்பார். விலை கிடைப்பது ஐப்பசி, கார்த்திகை மழையில், எவராலும் காயவைக்க முடியாதபோது. ஆறு மாதம் சரக்கை வைத்துக் காத்திருக்க முடிந்தவருக்கே அந்த விலை. சேலத்து ஆலை முதலாளிகளுக்கே இந்தப் பலம் இல்லாமல் வியாபாரிகளிடம் மாட்டிக்கொண்டுதான் 1981இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்கள். மூட்டையைச் சங்கத்துக் கிடங்கில் வைத்தால் அதன் பேரில் முன்பணம் கிடைக்கும். விற்பனை டெண்டரில் நடக்கும். குழுவும் இதையே சின்ன அளவில் செய்யலாம். உறுப்பினர் கொடுக்கும் உலர்ந்த வத்தலுக்கு உள்கடன் நிதியிலிருந்து கிலோவுக்கு ஒரு தொகையை உடனே கொடுத்துவிட்டு, மிச்சத்தை விற்ற பிறகு பிரிப்பது. கூலிக்குக் கூலியும் ஆயிற்று, காத்திருக்கும் தெம்பும் ஆயிற்று. மகளிர் குழுப் பொருள்களை விற்கும் மதி அங்காடி, ஊர் மளிகைக்கடை, சாப்பாட்டுக் கடை, கல்யாண மண்டபச் சமையல்காரர் என்று வாடிக்கையை இந்த ஆறு மாதத்தில் தேடிக்கொள்ளலாம். மண்டபச் சமையல்காரர் ஒருவர் பிடித்துப்போனால் ஒரு முகூர்த்தத்துக்கே இருபது கிலோ எடுப்பார், ஆனால் அளவு மாறாமல் இருக்க வேண்டும் என்பார்.

காத்திருக்கும் சரக்குக்கு எதிரி இரண்டு: ஆடிக்காற்றுப் புழுதியும், உள்ளே தங்கிய ஈரமும். புழுதிக்கு வலை போட்ட சூரிய உலர்த்தி போதும், இல்லாவிட்டால் ஆடிக்கு முன்பே உலர்த்தலை முடித்துவிட வேண்டும். மார்கழிப் பனியில் இரவு துணியோடு உள்ளே எடுத்துவிட வேண்டும். டின்னில் அடைக்கும் முன் நாலு இடத்திலிருந்து நாலு வத்தல் எடுத்து ஒடித்துப் பாருங்கள். சடக்கென்று உடைந்து துகள் தெறித்தால் அடைக்கலாம். ஒன்று வளைந்துவிட்டு உடைந்தாலும் முழு டின்னையும் மறுபடி மாடிக்கு ஏற்றிவிட வேண்டும், அன்றைக்கு வாங்க வந்த வண்டி வாசலில் நின்றாலும் சரி.